கையைப் பிடிக்கும் கம்பம்

அத்தியாயம் ஆறு

“மேடம், ஒரு சந்தேகம். பேய் தள்ளிவிட்டு ஆள் செத்தா இன்ஷூரன்ஸ் பணம் யாருக்குப் போகும்?”

டிவிஎஸ் 50-யின் பின்சீட்டிலிருந்து சம்பத் கேட்டான். ஓட்டிக்கொண்டிருந்த பஞ்சவர்ணம் ஒரு லாரியையும் இரண்டு பள்ளங்களையும் கடந்த பிறகே வாயைத் திறந்தாள்.

“பேய் கடைக்காரங்க ஆளா, வெளி ஆளான்னு முதல்ல நீ கண்டுபிடி. அப்புறம் பாலிசியைப் பார்க்கலாம்.”

இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்கு ஒரு கேஸில் சந்தேகம் வந்தால் முதலில் கூப்பிடுவது பஞ்சவர்ணத்தைத்தான். நாற்பதைத் தாண்டியவள். கைத்தறிப் புடவை, தோளில் ஜோல்னாப் பை. துப்பறிகிறவள் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். சத்துணவு டீச்சர் என்று நினைத்து உண்மையைச் சொல்லிவிடுவார்கள். சம்பத் அவளுடைய உதவியாளன். அம்பத்தூர் எஸ்டேட்டில் மோட்டாருக்குக் காயில் சுற்றிக்கொண்டிருந்தவனை வாய் அதிகம் என்று முதலாளி விரட்டிவிட, பஞ்சவர்ணம் சேர்த்துக்கொண்டாள். அவன் சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் இன்றும் டெஸ்டர்தான் இருக்கும். பேனாவைக் கடன் வாங்குகிறவர்கள் திருப்பித் தருவதில்லை, டெஸ்டரை எவனும் கேட்பதில்லை என்பது அவன் கட்சி.

கேஸ் இதுதான். மேனாம்பேடு பக்கம் ஒரு மைதானத்தில் கைவினைப் பொருட்காட்சி. நவராத்திரிக்குத் தொடங்கித் தீபாவளி வரை நடக்கும். கடை போடுகிற ஒவ்வொருவரும் பொறுப்பு இன்ஷூரன்ஸ் எடுத்தே ஆகவேண்டும் என்று இந்த வருஷம் புதிதாகச் சொல்லியிருந்தார்கள். கடைக்காரரின் கவனக்குறைவால் வாடிக்கையாளருக்கு ஏதாவது ஆனால், நஷ்டஈட்டைக் கம்பெனி தரும். பந்தல், நடைபாதை, விளக்கு இவற்றால் ஏதாவது ஆனால், அது பொருட்காட்சியை நடத்துகிற கோதண்டம் தனியாக எடுத்திருக்கும் பாலிசியில் சேரும்.

ஆயுத பூஜை அன்று மாலை, நாகவல்லி என்பவளின் பொம்மைக் கடை வாசலில், ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து வந்த பத்மா விழுந்து இறந்துபோனாள். தலையில் காயம். காலடியில் குங்குமம் தடவி உடைத்த பூசணிக்காய். திருஷ்டிக்கு உடைத்த காயில் வழுக்கி விழுந்தாள் என்று ஊரே சொல்ல, போலீஸும் அப்படியே எழுதிக்கொண்டது. நாளைக் காலை நாகவல்லி ஸ்டேஷனுக்குப் போகவேண்டும். கேஸ் பதிவானால் அவளுக்கு இனி எந்த ஊரிலும் கடை தரமாட்டார்கள். உள்ளே வைத்துவிட்டால் அவளுடைய இரண்டு பெண் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது.

பேய் அதற்குப் பிறகு வந்தது. மூடிக் கிடக்கும் அந்தக் கடையின் முன் கம்பத்தை விளக்கு வைக்கிற நேரத்தில் தொட்டால், யாரோ கையைப் பிடிக்கிறார்களாம். பக்கத்து வளையல் கடைக்காரர் ராத்திரியோடு ராத்திரியாக எதிர் வரிசைக்கு மாறிவிட்டார்.

மைதானத்து வாசலிலேயே கோதண்டம் நின்றிருந்தார். வெள்ளைச் சட்டை, விரல்களில் மோதிரம், நெற்றியில் அகலமான சந்தனம்.

“வாங்க மேடம். எதுக்கு இவ்ளோ தூரம்? விசயம் சிம்பிள். அந்தம்மா பூசணிக்கா ஒட்ச்சுது, இந்தம்மா வழுக்கினு உழுந்துச்சு. பாவம், ரெண்டு பேரும் பொம்பளைங்க. கம்பெனி பணத்தைக் குட்த்துட்டா எல்லாருக்கும் நிம்மதி.”

“உங்களுக்கும்தான்,” என்றான் சம்பத்.

“எனுக்கு இன்னா தம்பி இதுல? நான் பந்தல் போட்டவன், அவ்ளோதான்.”

பொம்மைக் கடை வரிசையின் கடைசியில் இருந்தது. முன்பக்கம் இரண்டு இரும்புக் கம்பங்கள். பெயின்ட் டப்பாவில் சிமென்ட் கொட்டி, அதில் நட்டு நிறுத்தியிருந்தார்கள். கம்பங்களைச் சுற்றி சீரியல் பல்பு ஒயர். மேலே தார்ப்பாய் மூடியிருந்தது. அதன் முன்னால் தரையில் நாகவல்லி உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் பொட்டு இல்லை. அழுது முடித்து, இனி அழத் தெம்பில்லாத முகம்.

பஞ்சவர்ணம் அவள் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள்.

“பூசணிக்காயை எங்கே உடைச்சே?”

“நான் ஒடைக்கலம்மா. எங்கூட்டுக்காரு ஆடி மாசம் போய்ட்டாரு. சாவு உயுந்த ஊடு. இந்த வருசம் எங்களுக்கு ஆயுத பூசையும் கெடையாது, தீவாளியும் கெடையாது. நான் எப்டிம்மா பூசணிக்கா ஒடைப்பேன்?”

“இதைப் போலீஸ்ல சொன்னியா?”

“சொன்னேன். ஒன் கடை வாசல்ல கெடந்தா ஒன்துதான்னுட்டாங்க.” அவள் குரல் சட்டென்று இறங்கியது. “ஆனா அந்தக்காவைக் கொன்னது நான்தாம்மா.”

சம்பத் கையில் இருந்த கடலைப் பொட்டலத்தை மடித்துப் பையில் போட்டான்.

“காகிதக் கூழ்ல கருமாரியம்மன் செஞ்சிருந்தேன். ஆள் ஒசரம். விக்கறதுக்குத்தான் செஞ்சேன். ஆனா முன்னாடி வெச்சதும் வர்ற பொம்பளைங்கள்லாம் கன்னத்துல போட்டுகினாங்க. தீட்டுக்காரி அம்மனை வெச்சா அவ சும்மா வுடுவாளா? என்னிய அட்சிருக்கலாம். அந்தக்காவை அட்ச்சிட்டா. இப்ப அந்தக்கா போக மாட்டாம இங்கியே கீறாங்க. நானும் தொட்டுப் பாத்தேன். புட்ச்சாங்க.”

பஞ்சவர்ணம் எழுந்து கம்பத்தை மேலும் கீழும் பார்த்தாள்.

“சம்பத், கையைப் பிடிக்கிற பேய்க்கு உன் பழைய தொழில்ல வேற பேர் இருக்கா?”

“கரண்ட். வர்ற வழியிலேயே நினைச்சேன் மேடம். நீங்க கேட்டப்புறம் சொன்னாத்தானே மரியாதை?” அவன் டெஸ்டரை எடுத்துக் கம்பத்தில் வைத்தான். ஒயர் தேய்ந்திருந்த இடத்தில் வைத்தான். அடுத்த கம்பத்திலும் வைத்தான். டெஸ்டருக்குள் இருக்கும் சின்ன விளக்கு எங்கேயும் எரியவில்லை. “சுத்தம். துணி காயப்போடலாம்.”

கோதண்டம் பெரிதாகச் சிரித்தார். “இந்தக் கடை லைட்டை அன்னிக்கே ஆஃப் பண்ணிட்டேன் மேடம். எறந்தவங்களுக்கு ஒரு மருவாதி. நீங்களே பாருங்க, ஒரு பல்பு எரியாது.”

“கரண்டும் இல்ல, பூசணிக்காயும் அவங்களது இல்ல,” என்றான் சம்பத். “மேடம், இனிமே பேய்தான் பாக்கி.”

பஞ்சவர்ணம் ஜோல்னாப் பையிலிருந்து போலீஸ் எடுத்த போட்டோவை வெளியே எடுத்தாள். விழுந்து கிடக்கும் பத்மா. காலருகில் பூசணிச் சில்லுகள். கொஞ்சம் தள்ளி, கம்பத்தின் ஓரமாக, ஒரு ஜோடி செருப்பு.

“இது யாரோட செருப்பு?”

“பத்மாவோடதுதான்,” என்றான் சம்பத். “அடக்கமா, ஒண்ணு பக்கத்துல ஒண்ணு நிக்குது.”

“வழுக்கி விழுந்தவளோட செருப்பு இப்படியா நிக்கும்? ஒண்ணு இங்கேயும் ஒண்ணு அங்கேயும்தானே பறந்திருக்கணும்?”

“யாராவது எடுத்து ஓரமா வெச்சிருப்பாங்க மேடம். நம்ம ஜனங்க உயிரைக் காப்பாத்தறாங்களோ இல்லையோ, செருப்பைப் பத்திரமா எடுத்து வெச்சிடுவாங்க.”

இருக்கலாம். பஞ்சவர்ணத்துக்குத் திருப்தி இல்லை. போட்டோவை உள்ளே வைத்துவிட்டு நாகவல்லியிடம் திரும்பினாள்.

“கடையைத் திற. அன்னிக்கு எப்படி வெச்சிருந்தியோ அப்படியே வை. ஒண்ணு விடாதே.”

நாகவல்லி பயந்தாள். பஞ்சவர்ணம் விடவில்லை. தார்ப்பாய் ஏறியது. படிப்படியாகப் பொம்மைகள் வெளியே வந்தன. தவில்காரர், நாயனக்காரர், தராசும் கையுமாகச் செட்டியார். கடைசியாகக் கருமாரியம்மனைச் சம்பத்தும் நாகவல்லியும் இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கிவந்து, கம்பத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். பெரிய கண்கள். எங்கே நின்றாலும் நம்மைப் பார்க்கிற கண்கள். சம்பத் இடம் மாறி நின்று பார்த்துவிட்டு, பிறகு அந்தப் பக்கம் பார்ப்பதையே நிறுத்திக்கொண்டான்.

“அப்புறம்?”

“புழுதி அடங்கறதுக்கு வாசல்ல தண்ணி தெளிப்பேன்.”

“தெளி.”

ஒரு குடம் தண்ணீர் வாசலில் விழுந்து மண்ணில் இறங்கியது. சூரியன் எஸ்டேட் புகைபோக்கிகளுக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தது. மற்ற வரிசைகளில் கூட்டமும் பேரம் பேசும் சத்தமும் இருந்தன. இந்த வரிசைக்கு யாரும் வரவில்லை.

ஒருவன் வந்தான். காக்கி உடை, கனமான தொழிற்சாலை ஷூ, கையில் காலி டிபன் பாக்ஸ். மழிக்காத முகம். நேராகக் கம்பத்தின் அருகே வந்தவன், கடை திறந்திருப்பதைப் பார்த்து நின்றான்.

“பத்மாவோட வீட்டுக்காரர். மனோகரன்,” என்று கோதண்டம் காதோரம் சொன்னார். “தெனம் வருவாரு. கம்பத்தைப் புட்சிகினு நிப்பாரு. பாக்கவே ஒரு மாரி இருக்கும் மேடம்.”

பஞ்சவர்ணம் அவனிடம் போனாள். “எதுக்குத் தினமும் வர்றீங்க?”

ஆவடிக்கு வந்து பல வருஷம் ஆகியும் அவன் பேச்சில் திருநெல்வேலி போகவில்லை.

“அவ இங்க இருக்கா மேடம். வீட்டுல தேடிப் பாத்தேன், இல்ல. சுடுகாட்டுல போயி உக்காந்து பாத்தேன், அங்கயும் இல்ல. இங்க வந்து அவ விழுந்த எடத்தப் பாத்துக்கிட்டு இந்தக் கம்பத்தப் பிடிச்சேன். என் கையப் பிடிச்சா. லேசா. பஸ்சுல கூட்டத்துல போகும்போது பிடிப்பா, அப்படி.” அவன் கொஞ்சம் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்க்கச் சகிக்கவில்லை. “இன்னும் நேரம் ஆகல. விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் வருவா.”

சம்பத் கம்பத்திலிருந்து ஓரடி தள்ளி நின்றான். பஞ்சவர்ணம் திரும்பி அம்மனின் முன் போய் நின்றாள். தினமும் கும்பிடுகிற பழக்கம், கை தானாகக் குவிந்தது. ‘தாயே, உன் பேரைச் சொல்லி ஒருத்தி ஜெயிலுக்குப் போகப்போறா. ஏதாவது வழி காட்டு’ என்று வேண்டிக்கொண்டாள். வேறு என்ன செய்வது என்று நிஜமாகவே அவளுக்குத் தெரியவில்லை.

பந்தலுக்குப் பின்னால் தெருவிளக்கு இரண்டு முறை துடித்து எரிந்தது. மற்ற வரிசைகளில் பல்புகளும் சினிமாப் பாட்டும் உயிர்பெற்றன.

“வந்துட்டா,” என்றான் மனோகரன்.

பஞ்சவர்ணத்துக்கு உள்ளங்கால் ஜில்லென்றது. குனிந்து பார்த்தாள். ஈர மண்ணில் வெறுங்காலோடு நின்றிருந்தாள். செருப்பு? கம்பத்தின் ஓரமாக, ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக, ஒழுங்காக நின்றது. எப்போது கழற்றினாள் என்று அவளுக்கே நினைவில்லை. விற்பனைக்கு வைத்த காகிதப் பொம்மை என்று தெரிந்தும் அவளுடைய கால் அதைக் கோயிலாக்கியிருந்தது. போட்டோவில் இருந்த செருப்பும் இதே இடத்தில்தான் நின்றது.

திரும்பினாள். மனோகரன் குத்துக்காலிட்டு ஷூவின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

“ஏன் கழட்றீங்க?”

“அம்மன் இருக்காளே மேடம். இத்தன நாளும் கடை மூடிக் கெடந்துச்சு. இன்னைக்கு அவளுக்கு முன்னால ஷூவோட நிக்கலாமா?”

சாக்ஸையும் உருவினான். ஒரு கால் ஈரத்தில் பதிந்தது. அடுத்த காலும் பதிந்தது. கை கம்பத்தை நோக்கி நீண்டது.

“சம்பத்! அவரைப் பிடி! கம்பத்தைத் தொட விடாதே!”

சம்பத்துக்குக் காரணம் புரியவில்லை. ஆனால் மேடம் அந்தக் குரலில் கத்தி அவன் கேட்டதே இல்லை. பாய்ந்து மனோகரனின் இடுப்பைக் கட்டிப் பின்னால் இழுத்தான். இருவரும் சேற்றில் உருண்டார்கள். டிபன் பாக்ஸ் பறந்து தவில்காரர் பொம்மையின் தலையைக் கொண்டுபோனது.

“விடுல! அவ காத்துக்கிட்டு இருக்கா!” மனோகரன் திமிறினான்.

“டெஸ்டரை வை, சம்பத். கம்பத்துல. இப்போ.”

சம்பத் ஒரு கையால் மனோகரனை அமுக்கிக்கொண்டே மறு கையை நீட்டி டெஸ்டரைக் கம்பத்தில் வைத்தான். சின்ன விளக்கு செக்கச்செவேலென்று எரிந்தது.

சம்பத் மனோகரனைக் கம்பத்திலிருந்து இன்னும் தள்ளி இழுத்தான்.

“எப்டி?” கோதண்டத்தின் குரல் கீச்சிட்டது. “லைட்டே எரியலியே! நான்தான் அன்னிக்கே ஒயரை வெட்டிட்டேனே!”

“அப்போ ஆஃப் பண்ணினேன்னு சொன்னீங்க. இப்போ வெட்டினேன்னு சொல்றீங்க,” என்றாள் பஞ்சவர்ணம். “மரியாதைக்காக யாரும் ஒயரை வெட்ட மாட்டாங்க சார். பயத்துலதான் வெட்டுவாங்க. பூசணிக்காயில வழுக்கி விழுந்திருந்தா உங்களுக்கு ஒயர்மேல என்ன பயம்?”

சம்பத் அதற்குள் பந்தலின் பின்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். இப்போது அவன் முகத்தில் விளையாட்டு இல்லை.

“தெருவிளக்கு லைன்ல கொக்கி போட்டுக் கரண்ட் எடுத்திருக்காரு மேடம். ரெண்டு ஒயர்ல ஒண்ணை வெட்டியிருக்காரு. வெட்ட வேண்டியதை வெட்டல. பல்பு அணைஞ்சுடுச்சு, கரண்ட் அப்படியே வந்து, ஒயர் தேய்ஞ்ச இடத்துல கம்பத்துல இறங்குது. தெருவிளக்கு லைன்ல பகல்ல கரண்ட் கிடையாது. அதனாலதான் என் டெஸ்டர் எரியல. சாயங்காலம் விளக்கு போட்டதும் பேய் வந்துடுது.”

“கடை மூடியிருந்த வரைக்கும் வந்தவங்க எல்லாரும் செருப்போட, காய்ஞ்ச தரையில நின்னு தொட்டாங்க. லேசாப் பிடிச்சு விட்டுச்சு,” என்றாள் பஞ்சவர்ணம். “பத்மா மட்டும் ஈரத்துல, வெறுங்கால்ல நின்னா. அம்மனுக்காகச் செருப்பைக் கழட்டினா.”

கோதண்டம் பக்கத்துக் கடையின் முக்காலியில் உட்கார்ந்தார். சந்தனம் வியர்வையில் கரைந்து மூக்கில் இறங்கியது.

“கொக்கி கரண்ட்னு தெரிஞ்சா என் பாலிசி செல்லாது மேடம். அந்தம்மாவுக்கு பாலிசி கீது. கம்பெனிதான் குடுக்கப்போவுது, இதுல யாருக்கு இன்னா நஷ்டம்னு நெனச்சேன். எல்லாரும் ஆட்டோ புடிக்க ஓடுனப்ப, எதிர் வரிசைல ஒட்ச்சிருந்த காயை அள்ளியாந்து போட்டேன். வேற ஒண்ணும் பண்ணல.”

“பணத்தைக் கம்பெனி கொடுக்கும். நாகவல்லிக்குப் பதிலா ஜெயிலுக்கும் கம்பெனியே போகுமா?” பஞ்சவர்ணம் மனோகரனைக் காட்டினாள். “இன்னும் ஒரு நிமிஷம் போயிருந்தா இவரும் செத்திருப்பார். அதுக்கு எந்தக் கடை வாசல்ல காயைப் போட்டிருப்பீங்க?”

கோதண்டம் தலையைத் தூக்கவில்லை. மின்வாரியத்து ஆளும் ஒரு கான்ஸ்டபிளும் வந்து, கொக்கியைக் கழற்றி, அவரை அழைத்துக்கொண்டு போனபோதும் தூக்கவில்லை.

நாகவல்லி அம்மனின் காலடியில் விழுந்து கிடந்தாள். “நீ அடிக்கலியா தாயே? நீ அடிக்கலியா?” என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மனோகரன் சேற்றில் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தான். பஞ்சவர்ணம் அவன் எதிரில் உட்கார்ந்தாள். இந்த வேலையில் அவளுக்குப் பிடிக்காத பகுதி இது.

“என் ரிப்போர்ட்ல உண்மையைத்தான் எழுதுவேன். நாகவல்லி மேல தப்பு இல்லன்னா அவ பாலிசியிலேர்ந்து உங்களுக்குப் பணம் வராது. கோதண்டத்து மேல கேஸ் போட்டுத்தான் வாங்கணும். நாளாகும். நான் கூட வர்றேன்.”

அவன் அதைக் கேட்டதாகவே தெரியவில்லை.

“அப்ப, என் கையப் பிடிச்சது அவ இல்லையா மேடம்?”

“இல்ல.”

“அவளக் கொன்னதுதான் என்னையும் பிடிச்சுதா? அதப் போயி நான் தினமும்…” முடிக்க முடியாமல் தன் உள்ளங்கையைப் பார்த்தான். சேற்றில் அதைத் துடைத்தான். மறுபடியும் துடைத்தான்.

நாகவல்லி எழுந்து வந்தாள். கொஞ்சம் தயங்கினாள்.

“அண்ணே, அந்தக்கா அம்மன்கிட்ட வேண்டிக்கினது எனக்குக் காதுல உயுந்துச்சு. வாய் வுட்டுத்தான் வேண்டிக்கினாங்க. சொல்லட்டுமா?”

அவன் நிமிர்ந்தான்.

“எங்க ஊட்டுக்காருக்கு ராத்திரி ஷிஃப்ட் மாறணும், சாயங்காலம் ஊட்ல கூட இருக்கணும்னாங்க. சொல்லிகினே அம்மன் காலைத் தொடக் குனிஞ்சாங்க. அப்பத்தான் கம்பத்தைப் புட்ச்சாங்க.”

“மாத்திட்டாவ,” என்றான் மனோகரன். “அவ போன அந்த வாரமே மாத்திட்டாவ. அதனாலதான் இங்க தினமும் வர முடிஞ்சுது.”

எழுந்து கம்பத்தின் அருகே போனான். சம்பத் முந்திக்கொண்டு டெஸ்டரை வைத்துப் பார்த்துவிட்டு விலகினான். மனோகரன் வெறுங்காலோடு ஈரத்தில் நின்று, கையைக் கம்பத்தில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டான். கொக்கி போனதால் மற்ற வரிசைகளிலும் விளக்கு அணைந்து, பாட்டு நின்று, ஜனங்கள் முணுமுணுத்துக்கொண்டே வாசலை நோக்கி நடந்தார்கள். அவன் கையை எடுக்கவே இல்லை. கம்பம் வெறும் இரும்பாக, ஜில்லென்று இருந்தது.

“நாளைக்குச் சாயங்காலம் நான் எங்க போவேன் மேடம்?” என்று கேட்டான்.

பஞ்சவர்ணம் சேற்றில் கிடந்த அவன் ஷூக்களைத் தேடி எடுத்து, தன் முந்தானையால் துடைத்து, அவன் காலருகில் ஜோடியாக வைத்தாள்.